சிலை வைத்தது கால்களுக்குத்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் கால்பந்துப் பெருமக்களே, வணக்கம்.

"பழைய கால்பந்து நாயகர்களை ரசிகர்கள் மறக்காமல் இருப்பது விசுவாசத்துக்காகவா, ஆட்டத்துக்காகவா?" இதுதான் இன்றைய தலைப்பு. ஆட்டத்துக்காகவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா, விசுவாசம் விசுவாசம் என்று உருகிவிட்டார். முன்வரிசையில் ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அம்மா கூண்டில் ஏற்றிய சாட்சி, இங்கிலாந்தின் பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப்புக்கு ஆடிய டாம் ஃபின்னி. பிரஸ்டனில் பிறந்தார், கடைசிவரை பிரஸ்டனுக்கே ஆடினார், அதே ஊரில் பிளம்பர் வேலையும் பார்த்தார், பெரிய கோப்பை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. அதனால்தான் 2014-இல் அவர் இறந்தபோது ஊரே தெருவில் வந்து நின்றது என்றார்.

நடுவர் அவர்களே, நான் வேறு சாட்சி தேடப் போவதில்லை. அம்மாவின் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்கிறேன்.

ஃபின்னி ஊரை விட்டுப் போகவில்லை, சரி. போக விட்டார்களா என்பதை அம்மா ஏன் சொல்லவில்லை? 1952 மே மாதம் இங்கிலாந்து அணி இத்தாலிக்கு ஆடப் போனது. அங்கே பலெர்மோ கிளப்பின் தலைவர், அவர் ஒரு இளவரசரும்கூட, ஃபின்னியிடம் நேரடியாகவே கேட்டார். கையெழுத்துப் போட்டால் 10,000 பவுண்ட். மாதச் சம்பளம் தனி. மத்தியதரைக் கடலோரத்தில் பங்களா, கார், குடும்பம் வந்துபோகும் செலவு எல்லாம் கிளப்பின் கணக்கில். அந்த வருஷம் இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரருக்கும் வாரச் சம்பளம் 14 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு 728 பவுண்ட், அதுவும் விடுமுறை மாதங்களில் குறைக்காமல் கொடுத்தால். அந்த ஒரு கையெழுத்து, 13 வருஷச் சம்பளத்துக்கும் மேல்.

ஃபின்னி இதைக் கேட்டுவிட்டு "என் ஊர், என் மண்" என்று வசனம் பேசவில்லை. நல்ல குடும்பஸ்தராக, ஊருக்கு வந்து கிளப் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னார். கிடைத்த பதில் என்ன தெரியுமா? எங்களுக்கு ஆடாவிட்டால் நீ யாருக்குமே ஆட முடியாது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அது வெறும் மிரட்டல் இல்லை, லீக் விதியே அப்படித்தான் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில்தான் இருக்கும். கிளப் விடாவிட்டால் அவர் வேறெங்கும் ஆட முடியாது. சம்பள உச்சவரம்பு ஒழிந்தது 1961 ஜனவரியில். நியூகாசில் கிளப்பை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்குப் போட்டு, இப்படிப் பிடித்து வைப்பது நியாயமில்லை என்று நீதிமன்றம் சொன்னது 1963-இல். ஃபின்னி ஓய்வு பெற்றது 1960-இல். எல்லாக் கதவும் அவர் வெளியே போன பிறகுதான் திறந்தது. கட்டுத்தறியில் கட்டிப்போட்ட மாட்டைப் பார்த்து, "ஆகா, என்ன விசுவாசம், இடத்தை விட்டே நகரவில்லை" என்று அம்மா மாலை போடுகிறார்!

பிளம்பர் கதைக்கும் வருகிறேன். "பிரஸ்டன் பிளம்பர்" என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள், உண்மைதான். ஆனால் பையன் ஒரு தொழிலைக் கையில் வைத்திருக்கட்டும் என்று அப்பா வற்புறுத்தியதால் கற்ற வேலை அது. நாட்டுக்காக 76 ஆட்டம் ஆடி 30 கோல் போட்டவர், பயிற்சி முடிந்ததும் குழாய் மாட்டப் போனார் என்றால், அதை எளிமை என்று சொல்லி நாம் சிலிர்க்கலாம். எனக்கென்னவோ, வெட்கப்பட வேண்டியவர்கள் கிளப் முதலாளிகள் என்றுதான் படுகிறது.

சரி, எல்லாரையும்தான் கட்டிப்போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரே கிளப்பில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆடியவர்கள் இங்கிலாந்து முழுக்க இருந்தார்கள். விசுவாசத்துக்குத்தான் புகழ் என்றால் அத்தனை பேருக்கும் சிலை நிற்க வேண்டுமே? எதிரணியில் யாராவது எழுந்து அப்படி ஐந்து பேரின் பெயரைச் சொல்லட்டும், நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன். சொல்ல மாட்டார்கள். ஃபின்னியின் பெயர் மட்டும் நிற்கிறது. ஏன்?

அந்தக் கால்களால்! பிறப்பில் இடதுகால்காரர். சின்ன வயதிலேயே வலதுகாலையும் பழக்கிப் பழக்கி, எது சொந்தக் கால், எது பழக்கிய கால் என்று தெரியாதபடி ஆக்கிவிட்டார். வலது ஓரத்தில் பந்தோடு வருவார். தடுக்க நிற்பவனுக்கு, இவர் கோட்டோரமாகப் போவாரா, உள்ளே வெட்டுவாரா என்று தெரியாது. இரண்டு பக்கமும் போகக்கூடிய ஆளை எந்தப் பக்கம் மறிப்பது? வலது ஓரம், இடது ஓரம், அப்புறம் முப்பதைத் தாண்டிய வயதில் நடு முன்களம். அந்த இடத்துக்கு மாறிய பிறகுதான் 1957-இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 1954-இல் ஏற்கெனவே வாங்கியிருந்தார். அதை இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர்தான். லீக்கில் 433 ஆட்டம், 187 கோல்.

அவருக்குப் பின்னால் நின்று ஆடிய ஒருவர் இருந்தார், பில் ஷாங்க்லி. பிறகு லிவர்பூலைத் தூக்கி நிறுத்தினாரே, அவரேதான். எந்த அணியிலும், எந்தக் காலத்திலும், மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு ஆடினாலும் ஃபின்னி பெரிய ஆட்டக்காரராகத்தான் இருந்திருப்பார் என்றார் ஷாங்க்லி. இதில் விசுவாசம் எங்கே வருகிறது?

கோப்பை இல்லையே என்று அம்மா சொன்னார். இல்லைதான். 1953-இல் ஆர்சனலுக்கும் பிரஸ்டனுக்கும் ஒரே புள்ளிகள், போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள விகிதத்தில் லீக் பட்டம் கைநழுவியது. அடுத்த வருஷம் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் வெஸ்ட் பிராம் அணியிடம் 3-2 தோல்வி. ஆனால் 1960-இல் அவர் காலணியைக் கழற்றினார். அடுத்த பருவத்திலேயே பிரஸ்டன் அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனிலிருந்து கீழே விழுந்தது. இன்றுவரை அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு ஃபின்னி காலம் என்றால், பெரிய கிளப்புகளோடு தோளோடு தோள் நின்ற காலம். அதைக் கொடுத்தது அவர் ஆட்டம்.

இப்போது எதிரணியின் அடுத்த பேச்சாளர் ஒன்று கேட்பார், எனக்குத் தெரியும். "அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்று எத்தனை பேர்? இளைய ரசிகர்களுக்குத் தெரிந்தது ஊர்ப்பாசக் கதைதானே?" நல்ல கேள்வி, தம்பி. பிரஸ்டனின் டீப்டேல் மைதானத்துக்கு வெளியே உள்ள அவர் சிலையைப் படத்திலாவது பாருங்கள். 1956-இல் செல்சி மைதானத்தில் மழை கொட்டித் தீர்த்த நாளில் எடுத்த ஒரு புகைப்படம், அதை வைத்துச் செய்த சிலை. புல்வெளி குளமாகிக் கிடக்கிறது. ஃபின்னி பந்தின் பின்னால் சறுக்கிக்கொண்டே போகிறார், தண்ணீர் விசிறி போல எழும்புகிறது, கண் மட்டும் பந்தை விடவில்லை. சிலையிலும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. விசுவாசத்துக்குச் சிலை வைக்க நினைத்திருந்தால் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து நிற்க வைத்திருக்கலாமே! தாத்தா பேரனுக்குக் காட்டுவது அந்தச் சறுக்கலைத்தான்.

இன்னொரு பக்கம் டெனிஸ் லாவைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 237 கோல். 1973-இல் எங்கே போனார்? எதிர்வீடான மான்செஸ்டர் சிட்டிக்கு! 1974 ஏப்ரலில் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டிலேயே, யுனைடெட் கீழ்ப் பிரிவுக்குத் தரமிறங்கிய அன்றைக்கே, குதிகாலால் தட்டி ஒரு கோலும் போட்டார். போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கொண்டாட்டமே இல்லை. விசுவாசம்தான் அளவுகோல் என்றால் அன்றோடு அவர் பெயரை அழித்திருக்க வேண்டும். யுனைடெட் ரசிகர்களுக்கு அவர் அதன் பிறகும் "அரசன்"தான். 2025 ஜனவரியில் அவர் இறந்தபோது, அதே மைதானத்துக்கு வெளியே உள்ள அவர் சிலையடியில் பூவும் சிவப்புக் கழுத்துத் துணிகளும் குவிந்தன.

மணி அடிக்கிறார்கள், ஒரே ஒரு செய்தி. 1963 செப்டம்பர். ஃபின்னிக்கு 41 வயது, ஓய்வு பெற்று மூன்று வருஷம். பெல்ஃபாஸ்டில் டிஸ்டிலரி என்ற கிளப் ஐரோப்பியக் கோப்பையில் போர்ச்சுகலின் பென்ஃபிக்காவோடு மோத வேண்டும். எதிரே அவர்களின் நட்சத்திரம் யுசேபியோ. கூப்பிட்டார்கள், போய் ஆடினார், 3-3 சமன். அம்மாவின் கணக்குப்படி அன்றைக்கு டீப்டேலில் யாராவது கோபித்துக்கொண்டிருக்க வேண்டும். கோபித்தார்களா என்று எதிரணி எழுந்து சொல்லட்டும், நான் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.