ஒட்டிய கருவிழியும் கண் பிரஷரும்

வணக்கம் நேயர்களே. கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டாக்டர், நல்லா ஒட்டிக்கிச்சா?" என்றுதான். கண் பிரஷர் எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒட்டிய கருவிழி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும்போதே, பிரஷர் ஏறி, பின்னால் பார்வை நரம்பு கெட்டுக்கொண்டு வரலாம். அதுதான் குளுக்கோமா. பெரும்பாலும் வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து குறையும். போனது திரும்பி வராது.

பிரஷர் ஏன் ஏறுகிறது? கண்ணுக்குள் ஊறும் நீர், கருவிழி ஓரத்தில் இருக்கும் சல்லடை வழியாக வடிய வேண்டும். அறுவைக்குப் பிறகு அந்த இடம் நெருக்கப்படலாம், ஐரிஸ் (கண்ணின் நிறமுள்ள திரை) போய் ஒட்டி அடைத்துக்கொள்ளலாம். இன்னொரு காரணம் சொட்டு மருந்திலேயே இருக்கிறது. 1905இல் ஆஸ்திரியக் கண் மருத்துவர் எடுவர்ட் ஸிர்ம் முதன்முதலாக வெற்றிகரமாகக் கருவிழி மாற்றியபோது ஸ்டீராய்டு கிடையாது. இன்று மாற்றுக் கருவிழியை உடம்பு நிராகரிக்காமல் காப்பது அந்தப் பால் நிற ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான், நீங்கள் குலுக்கிவிட்டுப் போடுகிறீர்களே, அதுதான். சிலருக்கு அதே மருந்து சில வாரங்களில் பிரஷரை ஏற்றிவிடும்.

சரி, நிறுத்திவிடலாமா? கூடாது. நீங்களாக நிறுத்தினால் கருவிழியே போய்விடலாம். பிரஷர் ஏறுவது தெரிந்தால் மருத்துவர் ஸ்டீராய்டை மெல்லக் குறைப்பார், வீரியம் குறைந்ததாக மாற்றுவார், இல்லையென்றால் பிரஷருக்கு வேறு சொட்டு சேர்ப்பார். ஏறிய பிரஷரை அப்படியே விட்டால் கருவிழியின் உள்பக்க செல்களும் சாகும். அவை மறுபடி வளர்வதில்லை.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கண் பிரஷர் சாதாரணமாக 10 முதல் 21 mmHg வரை இருக்கும். தையல் போட்ட, வீங்கிய கருவிழியில் கருவி தவறாகக் காட்டலாம். அதனால் போன தடவை நம்பர் சரியாக இருந்தது என்று அடுத்த பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மொரிஷியஸின் மோக்காவில் பாரதியார் பெயரில் உள்ள கண் மருத்துவமனையோ, வேறு இடமோ, சொன்ன தேதியில் போய்விடுங்கள்.

இங்கே மொரிஷியஸில் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் சொட்டு மருந்தையும் தள்ளிவைப்பதைப் பார்க்கிறேன். தேவையில்லை. கோவிலுக்குப் போகும் பையிலேயே பாட்டிலை வையுங்கள். திருநீறு கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், இரண்டு மருந்து போடுபவர்கள் இடையில் ஐந்து நிமிடமாவது விடுங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரஷருக்குத் தரும் டிமோலால் அவர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம்.