கணுக்காலைப் பிடித்த கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மெக்சிகோவின் நாட்டுப்புற ஆடல்களை உயிரோடு வைத்திருப்பவை புகழ்பெற்ற பெரிய கலைக்குழுக்களா, ஊர் மக்களே நடத்தும் சிறு குழுக்களா என்பது இன்றைய வழக்கு. நான் சிறு குழுக்களின் பக்கம் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் அமாலியா ஹெர்னாண்டஸின் பெயரைச் சொல்லித் தொடங்கினார். அந்த அம்மையாரை வணங்கித்தான் நானும் தொடங்குகிறேன். 1952இல் அவர் தொடங்கிய நாட்டுப்புற ஆடல் குழு மெக்சிகோ நகரத்தின் பெல்லாஸ் ஆர்ட்டெஸ் அரங்கில் நிலைபெற்று, நாடு நாடாகச் சென்று ஆடியது. மெக்சிகோ ஆடல் என்றதும் சுழலும் வண்ணப் பாவாடை நம் கண்ணில் வருகிறதே, அதில் அவருடைய பங்கு பெரிது. மறுக்க மாட்டேன். ஆனால், ஒன்றை ஊரறியச் செய்வது வேறு. அது அற்றுப்போகாமல் காப்பது வேறு.

மிச்சோகான் மாநிலத்தில், பாட்ஸ்குவாரோ ஏரிப் பக்கம் ஹராக்வரோ என்றோர் ஊர் இருக்கிறது. பூரேபெச்சா என்ற பழங்குடி மக்களின் ஊர். அங்கே கிழவர் ஆட்டம் ஆடுவார்கள். சிரிக்கும் கிழவர் முகமூடி, கையில் தடி, கூன் விழுந்த முதுகு, நடுங்கும் நடை. திடீரென்று மரச்செருப்புகள் தடதடவென்று தரையை அதிரவைக்கும். முகமூடிக்குள் இருப்பவர்கள் இளைஞர்கள், சில நேரம் சிறுவர்கள். பத்து வயதுப் பையன் கிழவனாக நடக்க எங்கே கற்றுக்கொள்கிறான்? டிக்கெட் வாங்கி இருக்கையில் உட்கார்ந்தா? பக்கத்தில் ஆடுகிற அண்ணனையும் மாமனையும் பார்த்துத்தான்.

"அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் அந்த ஊர்களையே பார்த்ததில்லை, அவர்கள் ஆடுவது நகல்" என்றார் எதிரணி நண்பர். இந்தச் சொல் என்னைச் சுட்டது, நடுவர் அவர்களே. அமெரிக்காவின் தென்மேற்கில், பள்ளியில் ஸ்பானிய மொழி பேசியதற்காகவே குழந்தைகள் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. தாய்மொழிக்கே அடி விழுந்த மண்ணில், கால்களையாவது தாய்நாட்டுத் தாளத்தில் வைக்கிறோம் என்று எழுந்தவை இந்தக் குழுக்கள். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 1969இல் தொடங்கிய லோஸ் லுபென்யோஸ் அப்படிப்பட்ட ஒன்று. இதையா நகல் என்பது?

அப்படி ஒரு சிறு குழுவின் பயிற்சியை நான் நேரில் பார்த்தேன். தேவாலயத்தை ஒட்டிய கூடம். ஓரத்தில் மடக்கு நாற்காலிகள். ஆடும் காலணியின் முன்பக்கத்திலும் குதிகாலிலும் சின்னச் சின்ன ஆணிகளை நெருக்கி அடித்திருந்தார்கள். அவைதான் சலங்கை, அவைதான் பறை. ஒரு சிறுமிக்குக் குதிகால் அரைத்தாளம் பிந்தியே விழுந்துகொண்டிருந்தது. ஆசிரியர் தூரத்தில் இருந்தார். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி மண்டியிட்டு, அந்தச் சிறுமியின் கணுக்காலைக் கையால் பிடித்து, தரையில் வைத்து, "இங்கே" என்றாள். மறுபடி, "இங்கே". ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, ஓசை சரியாக விழுந்தது. சிறுமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

அன்றே இன்னொன்றும் பார்த்தேன். வெராக்ரூஸ் பகுதியின் லா பாம்பா ஆட்டத்தில் நீளமான ரிப்பனைத் தரையில் போட்டு, ஆணும் பெண்ணும் ஆட்டத்தை நிறுத்தாமல், கையே படாமல், கால்களால் அதை முடிச்சாகக் கட்ட வேண்டும். அன்று முடிச்சு விழவில்லை. ரிப்பன் நழுவியது. பெரிய மேடையில் அது பிழை. கூடத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியில் இருந்த பாட்டி எந்தக் கால் முதலில் போக வேண்டும் என்று தன் காலை அசைத்துக் காட்டினார். தவறவும் திருத்தவும் இடம் கொடுக்கிற அந்தக் கூடத்தில்தான், நடுவர் அவர்களே, மரபு வாழ்கிறது.

வஹாகா மாநிலத்தில் ஜூலை மாதத் திங்கட்கிழமைகளில் நடக்கும் பெருவிழா கெலகெட்சா. சபோடெக் பழங்குடி மக்களிடமிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு, ஒருவருக்கொருவர் கொடுத்து உதவுவது என்று பொருள். இன்று நான் உன் வீட்டுத் திருமணத்துக்குச் செய்தால், நாளை நீ என் வீட்டுக்குச் செய்வாய். நம் மொய்க்கு உறவான வழக்கம். ஒவ்வொரு வட்டாரத்தாரும் ஆடி முடித்ததும் தங்கள் மண்ணில் விளைந்ததைப் பார்வையாளர்களை நோக்கி வீசுவார்கள். "அதுவும் பெரிய மேடைதானே" என்பீர்கள். மேடை பெரிதுதான். ஏறுகிறவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். லாஸ் ஏஞ்சலஸுக்குப் பிழைக்கப் போன வஹாகா மக்கள் அங்கேயும் அதே விழாவை எடுக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள்: நடத்துகிறவர் ஊர் மாறிவிட்டால் சிறு குழு என்ன ஆகும்? கணுக்காலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த பெண்ணிடம், உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். மூலையில் ஹலிஸ்கோ மாநிலத்துப் பாவாடைக்கு வரிசை வரிசையாக ரிப்பன் தைத்துக்கொண்டிருந்த ஒரு தாயைக் காட்டினாள். அவரிடம் கேட்டேன். ஊசியை நிறுத்தாமல், தன் அத்தையின் பெயரைச் சொன்னார்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. வணக்கம்.