சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் வேலைக்குக் கிளம்ப வண்டியை நகர்த்துகிறீர்கள். நேற்றுத்தான் கழுவிவிட்ட போர்டிகோ. தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். தொட்டால் வழவழவென்று இருக்கிறது. இஞ்சின் ஆயில். உடனே குனிந்து பார்க்கிறோம். அடியில் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற டிரெயின் போல்ட், அதன் முனையில் ஒரு சொட்டு. கை தானாக ஸ்பேனரைத் தேடுகிறது. அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

28 வருஷமாக டூவீலர் மெக்கானிக் வேலை பார்க்கிறேன். எல்லா வண்டியையும் பற்றிப் பேச நேரம் போதாது. ஸ்பிளெண்டர் மாதிரியான 100 சிசி வண்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தெருவுக்குப் பத்து நிற்கிறதே!

எங்கள் தெருவில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஒருநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். “அண்ணே, டிரெயின் போல்ட் வாஷரை மூணு தடவை மாத்தியாச்சு. இன்னும் ஒழுகுது. இஞ்சினைப் பிரிக்கணும்னு சொல்றாங்க” என்றார். “பிரிக்கறது இருக்கட்டும் சார், முதல்ல குளிப்பாட்டுவோம்” என்றேன்.

ஆறின இஞ்சினில் பழைய பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தடவித் தேய்த்தால், மாதக்கணக்கில் ஒட்டிய எண்ணெயும் புழுதியும் கரைந்துவிடும். சூடான இஞ்சின் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. சோப்புத் தண்ணீரால் அலசி, துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டோம். அப்புறம் வீட்டில் முகத்துக்குப் போடுகிற பவுடரை எடுத்து, சந்தேகப்பட்ட இடமெல்லாம் தூவினோம். ஆசிரியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்” என்று அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தோம். டிரெயின் போல்ட்டைச் சுற்றிப் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. முன்பக்கம், சிலிண்டர் ஹெட்டின் அடியில் இருக்கிற, வால்வைச் சரிசெய்யத் திறக்கிற டாப்பட் மூடியிலிருந்து மட்டும், நெற்றியில் இட்ட கோடு மாதிரி ஈரமாக ஒரு பழுப்புக் கோடு பின்னால் ஓடியிருந்தது. இந்த வண்டிகளில் சிலிண்டர் படுத்த வாக்கில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஒரு டாப்பட் மூடி, கீழே ஒரு டாப்பட் மூடி. கீழ் மூடியில் கசிகிற ஆயிலை எதிர்காற்று பின்னால் தள்ளிக்கொண்டே போகும். வண்டி நின்றதும் அது இஞ்சினின் தாழ்வான இடத்துக்கு வந்து சொட்டும். தாழ்வான இடத்தில் இருப்பதோ டிரெயின் போல்ட். பாவம், பழி அதன்மேல் விழுகிறது.

17 நம்பர் ரிங் ஸ்பேனரால் மூடியைக் கழற்றினேன். கீழே ஒரு தட்டு வையுங்கள், கொஞ்சம் ஆயில் வழியும். உள்ளே இருந்த ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்து ஆசிரியர் உள்ளங்கையில் வைத்தேன். புதிதில் உருண்டையாக, மெத்தென்று இருக்க வேண்டிய ரப்பர் சூட்டிலேயே கிடந்து தட்டையாகிப் போயிருந்தது. அவர் லேசாக வளைத்தார். காய்ந்த சேமியா மாதிரி பட்டென்று ஒடிந்தது. புது ஓ-ரிங்கில் நல்ல ஆயில் ஒரு சொட்டுத் தடவி, மூடி உட்காரும் இடத்தைத் துடைத்து, முதலில் கையாலேயே திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போட்டு அளவாக இறுக்கினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அவர் மூன்று வாஷருக்குச் செலவழித்ததைவிட இது குறைவு.

டிரெயின் போல்ட்டே கசிவதும் உண்டு. அதன் வாஷர் மிருதுவான உலோகம். ஒருமுறை நசுங்கித்தான் அடைப்பே உண்டாகிறது. ஆயில் மாற்றும்போதெல்லாம் வாஷரையும் மாற்றிவிட்டால் தொல்லை இல்லை. இறுக்கினால் நிற்கும் என்று முறுக்குவதுதான் ஆபத்து. போல்ட் இரும்பு, அது ஏறுகிற இடம் அலுமினியம். இதை நான் தொழில் பழகிய காலத்தில் பட்டே தெரிந்துகொண்டேன். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி ஒரு முறுக்கு முறுக்கினேன். கை இறுகி வந்தது, இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன், திடீரென்று வெண்ணெயில் சுற்றுகிற மாதிரி லேசாகிவிட்டது. மரை போய்விட்டது. லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புது மரை போட்டுக்கொண்டு வந்தேன். அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதற்கே போயிற்று. இன்றும் டிரெயின் போல்ட்டைத் தொடும்போது அந்த ‘லேசு’ கையில் வந்து போகிறது.

சில வண்டிகளில் கழன்றது எதுவும் இல்லை, கிழிந்தது எதுவும் இல்லை, ஆனாலும் கசியும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருப்பார்கள். ஆயில் மாற்றும்போது இந்த வண்டிகளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே போதும். மீதி ஏன் வீணாக என்று ஒரு லிட்டரையும் கவிழ்த்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு பார்க்க வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, ஆயில் மூடியோடு சேர்ந்திருக்கிற அளவுக் குச்சியைத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஈரம் இருந்தால் சரி. இஞ்சின் மூச்சுவிடுகிற சின்னக் குழாய் ஒன்று உண்டு. அது மடங்கியோ அடைத்தோ போனாலும், உள்ளே கூடுகிற அழுத்தம் ஆயிலை அடைத்து நிற்கிற நல்ல ரப்பர் சீலைக்கூடத் தள்ளி ஆயிலை வெளியே கொண்டுவரும். புது சீல் வாங்குவதற்கு முன்னால் அந்தக் குழாயை ஒரு பார்வை பாருங்கள்.

கசிவின்மேல் வெளியே சிலிகான் பேஸ்ட் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்ப் பசையில் அது ஒட்டாது, இரண்டு நாளில் தோல் மாதிரி உரிந்து வரும். மூடியைக் கழற்றி உள்ளே அப்பினாலோ, பிதுங்கிய துண்டு உள்ளே விழுந்து ஆயில் போகிற வழியை அடைத்துவிடும்.

பவுடர்க் கோடு சிலிண்டர் அடியிலோ, இஞ்சின் இரண்டு பாதியும் சேருகிற இணைப்பிலோ தொடங்கினால் அது வீட்டு வேலை இல்லை. பட்டறைக்கு விடுங்கள். ஆனால் கோட்டைக் காட்டிவிட்டு விடுங்கள். இன்னொன்று, ஆயில் பின்டயரில் தெறித்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவாமல் வண்டியை எடுக்காதீர்கள், வளைவில் வழுக்கிவிடும்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். டப்பாவில் பிடித்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அந்த ஆசிரியர் வண்டிக்கு அடியில் ஓர் அட்டைத்துண்டு போட்டு வைத்திருப்பார், தரை பாழாகாமல் இருக்க. அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். அட்டை சுத்தமாக இருந்தது, அதன்மேல் அவர்கள் வீட்டுப் பூனை படுத்திருந்தது.

வணக்கம்.