கிடாரியும் கழுவிய கைகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

வயல்வெளியில் ஓர் உடல் கிடக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பர்களும் நியாயாதிபதிகளும் வந்து, சுற்றியுள்ள ஊர்கள் அந்த உடலிலிருந்து எவ்வளவு தொலைவு என்று அளக்கிறார்கள். மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள், நுகத்தடி படாத ஒரு கிடாரியை உழாத, விதைக்காத பள்ளத்தாக்குக்கு ஓட்டிச்சென்று அதன் கழுத்தை முறிக்க வேண்டும். அதன்மேல் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தை எங்கள் கைகள் சிந்தவில்லை, எங்கள் கண்கள் காணவும் இல்லை என்று சொல்ல வேண்டும். பைபிளின் உபாகமம் நூலில், 21ஆம் அதிகாரத்தில் வருகிறது இது. யூதர்களுக்கு அது அவர்களுடைய புனித நூலான தோராவின் பகுதி.

பழைய யூத அறிஞர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கொலைகாரர்கள் என்று யார் நினைக்கப் போகிறார்கள்? பிறகு எதற்கு இந்தச் சத்தியம்? பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பதில் சொல்கிறது: அவன் நம்மிடம் வந்தபோது உணவு கொடுக்காமல் அனுப்பிவிடவில்லை, தனியே போனவனைக் கண்டும் வழித்துணை இல்லாமல் விட்டுவிடவில்லை என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். குற்றத்தின் எல்லையை இவ்வளவு தூரம் கொண்டுபோன வேறொரு சட்ட வாசகத்தை நான் படித்ததில்லை.

இந்த வாசகம் ஓர் அரசையே உலுக்கிய கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1982 செப்டம்பரில், லெபனான் தலைநகரின் மேற்குப் பகுதியான மேற்கு பெய்ரூட், அந்நாட்டின் மீது படையெடுத்திருந்த இஸ்ரேல் இராணுவத்தின் பிடியில் வந்தது. லெபனானின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பஷீர் ஜெமாயெல் 14ஆம் தேதி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். பழிவாங்கத் துடித்துக்கொண்டிருந்த அவருடைய ஃபலாஞ்சு என்ற கிறிஸ்தவப் படையினரை, 16ஆம் தேதி மாலை, சப்ரா, ஷத்தீலா பாலஸ்தீன அகதி முகாம்களுக்குள் செல்ல இஸ்ரேல் இராணுவம் அனுமதித்தது. முகாம்களைச் சுற்றி அதன் வீரர்கள் நின்றார்கள். இரவில் ஒளிக்குண்டு எறிந்து வெளிச்சமும் கொடுத்தார்கள். உள்ளே பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். 17ஆம் தேதி சூரியன் மறைந்தபோது யூதப் புத்தாண்டு பிறந்தது. முகாம்களில் கொலை அப்போதும் நடந்துகொண்டிருந்தது. இறந்தவர்கள் 700 முதல் 800 பேர் என்று இஸ்ரேல் உளவுத்துறை கணித்தது. 3,000க்கும் மேல் என்று சொல்லும் கணக்குகளும் உண்டு.

இஸ்ரேல் பிரதமர் மெனகெம் பெகின் முதலில் விசாரணைக்கு இணங்கவில்லை. தன் பெற்றோரையும் அண்ணனையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர் அவர். யூதர்கள் மீது பழி சுமத்தும் பழைய கதையே மீண்டும் நடக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த அச்சத்தை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஆனால் விசாரணை கேட்டு 25ஆம் தேதி டெல் அவிவ் சதுக்கத்தில் கூடியவர்களிலும் அதே அழிவிலிருந்து மிஞ்சியவர்கள் இருந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள். 4,00,000 பேர் என்றார்கள்; நாட்டின் மக்கள்தொகையே அன்று சுமார் 40 லட்சம். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். சில நாட்களில் அரசு பணிந்து, உச்ச நீதிமன்றத் தலைவர் இட்ஸ்ஹாக் கஹான் தலைமையில் ஆணையம் அமைத்தது.

1983 பிப்ரவரியில் வந்த அறிக்கை, கொன்றவர்கள் ஃபலாஞ்சுகள் என்றது. இஸ்ரேலுக்கு மறைமுகப் பொறுப்பு உண்டு என்றும் சொன்னது. மறைமுகப் பொறுப்பு என்றால் என்ன என்று விளக்க வந்த இடத்தில் நீதிபதிகள் எடுத்துக்காட்டியது கழுத்து முறிந்த அந்தக் கிடாரியைத்தான். அதோடு நிற்கவில்லை. அந்நிய ஆட்சிகளில் யூதர்கள் மீது கலகக் கும்பல்கள் பாய்ந்த போதெல்லாம், கும்பல் மட்டுமல்ல, தடுக்க முடிந்தும் தடுக்காத அதிகாரிகளும் குற்றவாளிகள் என்றுதானே யூத சமூகம் சொல்லிவந்தது என்று நினைவூட்டினார்கள். பல தலைமுறைகளாகப் பிறரிடம் நீட்டிய அளவுகோலை அவர்கள் தங்கள் தளபதிகளிடம் நீட்டினார்கள்.

அதற்கு விலையும் இருந்தது. ஆணையத்தின் பரிந்துரைகளை நிறைவேற்றக் கோரி பிப்ரவரி 10ஆம் தேதி ஜெருசலேமில் ஊர்வலம் போனவர்கள் மீது ஒரு யூதர் கையெறி குண்டு வீசினார். 35 வயது எமில் கிரன்ஸ்வைக் இறந்தார். லெபனான் போரில் பணியாற்றித் திரும்பிய ரிசர்வ் அதிகாரி அவர்.

ஆணையத்தைப் புகழ்ந்து நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோன் அந்தத் துறையை இழந்தாரே தவிர அமைச்சரவையில் நீடித்தார், 2001இல் பிரதமரானார். லெபனான் 1991இல் பொது மன்னிப்புச் சட்டம் இயற்றியது. முகாமில் தாயை இழந்தவருக்கு எந்த நீதிமன்றமும் கிடைக்கவில்லை. கிடாரிச் சடங்கு கொன்றவனைத் தெரியாத ஊருக்கானது. ஷத்தீலாவில் கொன்றவர்கள் யாரென்று தெரியும். இறந்தவர்களின் தொகைதான் இன்றுவரை தெரியாது.

யூதர் என்றாலே இஸ்ரேல் அரசு என்று பேசுவதை நான் எதிர்ப்பது இதனால்தான். யூதர்களை வெறுப்பவர்களும் அப்படிப் பேசுகிறார்கள், அந்த அரசின் ஆதரவாளர்களும் அப்படிப் பேசுகிறார்கள். டெல் அவிவில் நின்றவர்களை இருவருமே அழித்துவிடுகிறார்கள்.

அந்தத் தோராப் பகுதி ஒவ்வோர் ஆண்டும் புத்தாண்டுக்குச் சில வாரங்கள் முன்பு ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. 2024இல் அது செப்டம்பர் 7ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான், 2023 அக்டோபர் 7 தாக்குதலில் ஹமாஸ் கடத்திச்சென்ற பணயக்கைதிகளில் ஆறு பேர் ரஃபா சுரங்கத்தில் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். காசாவில் இறந்தோர் எண்ணிக்கை 40,000ஐத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் ஆகஸ்டிலேயே அறிவித்திருந்தது. அந்த ஆறு பேரை ஏன் காக்கவில்லை என்று இஸ்ரேலின் தெருக்களில் பெருங்கூட்டம் அரசைக் கேட்டது. காசாவின் உடல்களிலிருந்தும் தொலைவை அளக்கச் சொன்னவர்கள் அந்தக் கூட்டத்தில் சிலரே. அந்த ஓய்வுநாளில் அதே பகுதியை அவர்களும் கேட்டிருக்கக்கூடும்.

வணக்கம்.