கம்பியில் குத்திய தாள்கள்

வணக்கம் நேயர்களே. கண்ணால் பார்க்க வேண்டிய ஒரு விஷயத்தைக் காதுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். நான் ஓவியர் இல்லை. ஒரு நேர்கோடு போடச் சொன்னால்கூட அளவுகோல் கேட்கிற ஆள். ஆனால் நாலு வருஷமாகக் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து கொலாஜ் செய்கிறேன்.

கொலாஜ் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒட்டுவது என்று அர்த்தம். 1912-இல் பிக்காசோ தன் ஓவியம் ஒன்றில், பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட ஆயில் கிளாத்தை ஒட்டினார். அதே வருஷம் பிராக் என்ற இன்னொரு ஓவியர், மரம் போல அச்சிட்ட சுவர்க்காகிதத்தை வெட்டி ஒட்டினார். கலை வரலாற்றில் இதைப் பெரிய விஷயமாக எழுதியிருக்கிறார்கள். டிரங்குப் பெட்டி மூடிக்குள் சினிமா நடிகர் படங்களை வெட்டி ஒட்டி வைத்த நம் அண்ணன்மார் யாரும் வரலாற்றுக்காகக் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் எதையும் தூக்கிப் போடாத மனிதர். தினசரி காலண்டரில் காலையில் தாளைக் கிழிப்பார். கிழித்த தாளின் பின்பக்கம் பால் கணக்கு, இஸ்திரிக் கணக்கு எழுதுவார். மாசம் முடிந்து கணக்குத் தீர்ந்த பிறகும் தாள் குப்பைக்குப் போகாது. கடைகளில் ரசீது குத்தி வைப்பார்களே, வளைந்த கம்பி, அதில் குத்தி ஆணியில் மாட்டிவிடுவார். பதினோரு வருஷத் தாள்கள், இரண்டு கம்பிகளில்.

அவர் போன பிறகு பத்து நாள் அந்தக் காலண்டரைக் கிழிக்க ஆளில்லை. தேதி அப்படியே நின்றது. மார்கழிக் கடைசியில் என் நாத்தனார் வந்தாள். “கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா மனசு ஆறாது மதினி, போகிக்கு எல்லாத்தையும் போட்டு எரிச்சிருங்க” என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். கம்பியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். போட முடியவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அன்று மத்தியானம் சும்மா ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். ராகுகாலம், எமகண்டம், கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன். லாபம், பயம், நன்மை, அலைச்சல், கோபம், வரவு, சுகம். அவர் விருச்சிகம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளின் தாளைத் தேடி எடுத்தேன். விருச்சிகத்துக்குச் ‘சுகம்’ என்று போட்டிருந்தது. சிரித்தேனா அழுதேனா தெரியாது. அந்தச் சொல்லைக் கத்தரித்தேன். பிறகு கை நிற்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், மேஜை முழுக்க ‘கோபம்’, ‘கோபம்’, ‘கோபம்’. மேஷத்துக்கு வந்த கோபம், கன்னிக்கு வந்த கோபம், எந்த வருஷத்துக் கோபமோ. மூன்று மாசமாக நெஞ்சுவலி இருந்ததை என்னிடம் மறைத்த மனுஷன் மேல் எனக்கு இத்தனை கோபம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. போன மனுஷனைத் திட்டக்கூடாது என்று வாய்க்குத் தெரியும். கைக்குத் தெரியாது போலிருக்கிறது.

இந்தப் பித்து எனக்கு மட்டுமா என்று தேடியபோதுதான் மேரி டெலானியைப் படித்தேன். இங்கிலாந்துக்காரர், 1700-இல் பிறந்தவர். பதினேழு வயதில் அறுபதை நெருங்கிய ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் சில வருஷத்தில் இறந்துபோனார். நாற்பது வயதுக்கு மேல், தானே விரும்பி, அயர்லாந்துப் பாதிரியார் ஒருவரை மணந்தார். அது நல்ல வாழ்க்கை. 1768-இல் அவரும் போனார்.

மேரி தன் தோழியான போர்ட்லண்ட் சீமாட்டியின் மாளிகையில் அடிக்கடி போய்த் தங்குவார். 1772-இல், எழுபத்திரண்டு வயதில், ஜெரேனியம் பூ இதழின் நிறத்திலேயே ஒரு சிவப்புக் காகிதம் அவர் கண்ணில் பட்டது. இதழ் வடிவத்தில் வெட்டிப் பார்த்தார். உள்ளே வந்த சீமாட்டி அதை நிஜ இதழ் என்றே நினைத்துவிட்டாராம். அன்று ஆரம்பித்தவர் பத்து வருஷம் விடவில்லை. கறுப்புத் தாளின் மேல் ஒரு செடி. ஒரு பூவுக்கே நூற்றுக்கணக்கான துணுக்குகள். இலையின் நிழலுக்கு ஒரு துணுக்கு, நரம்புக்கு ஒன்று, மகரந்தம் தாங்கும் கேசரத்துக்கு மயிரிழை போல ஒன்று. சில படங்களில் நிஜ இலையையே சேர்த்து ஒட்டியிருக்கிறார். ஆயிரம் பூ செய்ய வேண்டும் என்று ஆசை. எண்பத்திரண்டு வயதில் கண் மங்கி நிறுத்தும்போது ஆயிரத்தை நெருங்கியிருந்தார். 985 படங்கள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

அந்த அம்மாள் தன் துக்கத்தைப் படமாக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பூவில் எத்தனை கேசரம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுகிற நேரத்துக்குத் துக்கம் வாசலில் நிற்கிறது. அதற்குமேல் அதிலிருந்து ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம் என்பேன். இரண்டு மணி நேரப் பட்டறையில் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டினால் மனக்காயம் ஆறிவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். நானும் போனேன். மாத்திரையும் சாப்பிட்டேன், கத்தரிக்கோலும் பிடித்தேன்.

இன்னொருவர் மத்தீஸ், பிரெஞ்சு ஓவியர். 1941-இல், எழுபத்தொரு வயதில், வயிற்றில் புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன். அதற்குப் பிறகு பெரும்பாலும் படுக்கை, இல்லாவிட்டால் சக்கர நாற்காலி. உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசிக் கொடுப்பார்கள். அவர் கோடு போடாமல் நேராகக் கத்தரிப்பார். வெட்டிய துண்டைச் சுவரில் குண்டூசியால் குத்தச் சொல்வார். இன்னும் கொஞ்சம் மேலே, இல்லை, இடப்பக்கம் என்று படுக்கையிலிருந்தே நகர்த்துவார். பசை கடைசியில்தான். அந்தத் துண்டுகளில் இன்றும் ஊசித் துளைகள் தெரிகின்றன.

சொல்லுக்கு அர்த்தம் ஒட்டுவது என்றாலும், என் அனுபவத்தில் ஒட்டுவதற்கு முந்தின நேரம்தான் இதில் எல்லாமே. நடந்து முடிந்தது எதையும் நம்மால் ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. மேஜை மேல் கிடக்கிற ‘சுகம்’ என்ற சொல்லை நகர்த்தலாம். ‘கோபம்’ பக்கத்தில் வைக்கலாம். ‘அலைச்சல்’ பக்கத்தில் வைக்கலாம். பிடிக்கவில்லையென்றால் நாளைக்கு மாற்றலாம். முதல் படத்தைப் பன்னிரண்டு நாள் ஒட்டாமலே வைத்திருந்தேன். திருநெல்வேலி வெயிலில் ஃபேன் போட முடியாது, போட்டால் அத்தனையும் பறக்கும். ஒவ்வொரு துணுக்கின் மேலும் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டு, பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் பல்லாங்குழி ஆடுகிறேனா என்று கேட்டார்கள்.

ஒட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் மைதாப் பசை காய்ச்சினேன். மழைக்காலத்தில் ராமபாணப் பூச்சி வந்து பாதிப் படத்தைத் தின்றுவிட்டது. பைண்டிங் கடைக்காரர், பசையில் மயில்துத்தம் போடணும் என்றார். அது விஷம், பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடு. அதனால் இப்போது ஃபெவிகால்தான். துளி தண்ணீர் விட்டு, பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூச வேண்டும். காலண்டர் தாள் மெலிசு. பசை கூடினால் சுருங்கிவிடும். ஒட்டிய பிறகு மேலே அம்மிக்குழவியை வைத்துவிடுவேன்.

எல்லாத் தாளிலும் நடுவில் கம்பி குத்திய ஓட்டை இருக்கிறது. ஆரம்பத்தில் அதை ஒதுக்கி வெட்டினேன், இல்லாவிட்டால் இன்னொரு துண்டை வைத்து மறைத்தேன். மத்தீஸின் துளைகளைப் பற்றிப் படித்த பிறகு மறைப்பதில்லை. அது என் வீட்டுக்காரர் கை குத்திய ஓட்டை.

இப்போது காலையில் காலண்டரை நான்தான் கிழிக்கிறேன். பின்பக்கம் பால் கணக்கு எழுதிக் கம்பியில் குத்துகிறேன், இது மூன்றாவது கம்பி. நேற்றைய தாளில் விருச்சிகத்துக்கு என்ன என்று பார்த்தேன். ‘வரவு’. இன்னும் வெட்டவில்லை.

நன்றி, வணக்கம்.