பால்பல்லில் வெள்ளைக் கோடு: ஃப்ளோரைடு பூசினால் போதுமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் இதற்குள்ளேயே நான்கைந்து கேள்விகள் இருக்கின்றன. ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாகக் கோடு போலத் தெரிகிறது. வலி இல்லை. பல் மருத்துவரிடம் காட்டினோம். சொத்தையின் ஆரம்பம், ஃப்ளோரைடு வார்னிஷ் பூசலாம் என்றார். வீட்டில் பெரியவர்கள், விழப்போகிற பல்லுக்கு எதற்கு மருந்து என்கிறார்கள். ஃப்ளோரைடு விஷம் என்றும் எங்கோ படித்தேன். பூசலாமா? பூசினால் சரியாகிவிடுமா?"

பூசுங்கள் அம்மா, பயப்பட வேண்டாம். ஆனால் பூசியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவர் கையால் நடப்பது வருடத்தில் இரண்டு முதல் நான்கு தடவை. உங்கள் கையால் நடக்க வேண்டியது ஒவ்வொரு ராத்திரியும். இந்த இரண்டில் எது பெரியது என்று கேட்டால் நான் உங்கள் கையைத்தான் சொல்வேன்.

அந்த வெள்ளைக் கோடு என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். பல்லின் மேல் ஓடான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்களால் ஆனது. பல்மேல் படிகிற அழுக்குப் படலத்தில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அவை அமிலத்தை உண்டாக்கும். அந்த இடத்தில் பிஹெச் அளவு (அமிலத்தைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடுதல்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலில் இருந்து தாது கரையத் தொடங்கும். அப்புறம் அரை மணி, ஒரு மணி நேரத்தில் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, தன்னிடம் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தரும். இந்த வரவு செலவு நம் எல்லோர் வாயிலும் தினமும் நடக்கிறது. நாள்கணக்கில் செலவே கூடிக்கொண்டு போனால், எனாமலின் உள்ளே நுண்துளைகள் விழுகின்றன. அதுதான் சாக்பீஸ் நிறத்தில், பளபளப்பில்லாத வெள்ளையாக வெளியே தெரிகிறது.

இதில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டத்தில் பல்லின் மேற்பரப்பு இன்னும் உடையவில்லை. உடையாத வரைக்கும், போன தாதுவைத் திரும்ப ஏற்ற முடியும். குழி விழுந்துவிட்டால் எந்த ஃப்ளோரைடாலும் அந்தக் குழியை நிரப்ப முடியாது. அதனால்தான் உங்கள் மருத்துவர் இப்போதே பூசலாம் என்கிறார். அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். மேலே இருக்கிற அந்த மெல்லிய எனாமல் பரப்பு உடைந்தால், சரியாகக்கூடிய பல்லை நாமே குழியாக்கியது போல ஆகிவிடும். (பல்லில் தெரிகிற எல்லா வெள்ளையும் சொத்தை இல்லை. உருவாகும்போதே சில பற்களில் வெள்ளைத் திட்டு வந்துவிடும். ஈறை ஒட்டிய கோடு என்றால்தான் சொத்தையாக இருக்குமோ என்ற சந்தேகம் அதிகம். எதுவென்று மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதுதான் சரி.)

விழப்போகிற பல்தானே என்கிற கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகனின் முன்பற்கள் விழ ஆறு, ஏழு வயது ஆகும். இன்னும் மூன்று, நான்கு வருடம் அவற்றோடுதான் அவன் கடிக்க வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வேண்டும். பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும். பால்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதி கனம்தான். அதனால் சொத்தை சீக்கிரமே நரம்பு வரைக்கும் போய்விடும். வேரில் சீழ் பிடித்தால், அதற்குக் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அது பாதிக்கலாம். கடைவாய்ப்பல்லை முன்னதாகவே எடுக்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். ராத்திரி பல்வலியில் தூங்காமல் அழும் குழந்தையை ஒரு முறை பார்த்தவர்கள், பால்பல்தானே என்று மறுபடி சொல்ல மாட்டார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர்களும் குழந்தைமேல் உள்ள பாசத்தில்தான் கேட்கிறார்கள்.

சரி, வார்னிஷ். இது சோடியம் ஃப்ளோரைடு 5 சதவீதம் கலந்த, பிசின் போன்ற ஒரு திரவம். பல்லைத் துடைத்துவிட்டுச் சின்னத் தூரிகையால் தடவுவார்கள். ஊசி இல்லை, மெஷின் இல்லை. உமிழ்நீர் பட்டதும் இறுகிவிடும். மூன்று வயதுக் குழந்தை என்றால், நீங்களும் மருத்துவரும் எதிரெதிரே முழங்கால் தொட உட்கார்ந்து, குழந்தையின் தலையை மருத்துவர் மடியில் சாய்த்துக்கொண்டு பூசுவதும் உண்டு. அழலாம். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். பூசிய பிறகு பல் லேசாக மஞ்சளாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், அது மருந்தின் நிறம். அன்றைக்குச் சூடாகவும் கடினமாகவும் எதுவும் கொடுக்காதீர்கள். பல் விளக்குவதைப் பொதுவாக மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்யுங்கள். குழந்தைக்குப் பிசின் ஒவ்வாமை இருந்தாலோ வாயில் புண் இருந்தாலோ பூசுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இது என்ன செய்கிறது? பல்மேல் ஃப்ளோரைடை ஒரு சேமிப்பாக வைத்துவிடுகிறது. அமிலம் வரும்போது அந்தச் சேமிப்பில் இருந்து ஃப்ளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலுக்குள் திரும்ப உட்கார உதவுகிறது. அப்படிச் சேர்ந்த படிகம் பழையதைவிடக் கெட்டியானது, பிஹெச் 4.5 அளவுக்கு இறங்கும் வரை தாங்கும். ஆனால் கவனியுங்கள்: பல்மேல் அழுக்குப் படலமும், வாயில் எந்நேரமும் சர்க்கரையும் இருந்தால் அந்தச் சேமிப்பு எத்தனை நாளைக்கு வரும்? அதனால்தான் பூச்சு மட்டும் போதாது என்கிறேன். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசுவதும் இதற்காகத்தான்.

விஷம் என்று படித்தீர்கள் அல்லவா, அந்தப் பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அளவு மீறினால் ஃப்ளோரைடு கெடுதல்தான். இது பல் மருத்துவத்துக்குத் தெரியவந்த கதையே அப்படிப்பட்டதுதான். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வேலைக்குப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே வளர்ந்தவர்கள் பலரின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்தார். அந்தக் கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் கவனித்தார். தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடுதான் காரணம் என்று 1931இல் கண்டுபிடிக்கப்பட்டது. கறைக்கும் பாதுகாப்புக்கும் ஒரே பொருள்தான் காரணம், நடுவில் இருப்பது அளவு. நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகிற வயதில் தினமும் அதிகமாக விழுங்கினால் கறை வரும். பல்மேல் அளவாகப் பட்டால் பாதுகாப்பு.

கணக்காகவே பார்க்கலாம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃப்ளோரைடு ஒரேயடியாக உள்ளே போனால் ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். 14 கிலோ குழந்தைக்கு அது 70 மில்லிகிராம். சின்னக் குழந்தைக்குப் பூசும் கால் மில்லி வார்னிஷ் முழுவதையும் விழுங்கினாலும் 6 மில்லிகிராமைத் தொடாது. ஆனால் 1000 பிபிஎம் (அதாவது ஒரு கிலோ பேஸ்ட்டில் 1000 மில்லிகிராம் ஃப்ளோரைடு) உள்ள பேஸ்ட் 100 கிராம் டியூபில் 100 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது! எனவே எனக்குக் கவலை தருவது மருத்துவர் பூசும் வார்னிஷ் இல்லை, குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கும் இனிப்புச் சுவை பேஸ்ட்தான். டியூபை உயரத்தில் வையுங்கள். நிறையச் சாப்பிட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் குடிநீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று தெரிந்திருந்தால் அதையும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கை செய்ய வேண்டிய வேலை. பேஸ்ட் அட்டையில் ஃப்ளோரைடு அளவு போட்டிருக்கும். 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘குழந்தைகளுக்கானது’ என்று எழுதிய சில பேஸ்ட்களில் ஃப்ளோரைடே இருக்காது, சிலவற்றில் மிகக் குறைவாக இருக்கும். சொத்தை தொடங்கிவிட்ட பல்லுக்கு அவை போதாது. மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. பிரஷ் முழுக்க நீளமாகப் போடுவது விளம்பரத்துக்கு மட்டும்தான். விளக்கியதும் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைக்காதீர்கள். கொப்பளித்தால் பல்லில் நிற்க வேண்டிய ஃப்ளோரைடு தண்ணீரோடு போய்விடும். துப்பத் தெரியவில்லை என்றால் ஓரத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

பிரஷைக் குழந்தை கையில் கொடுத்து ‘அவனே விளக்கிக்கொள்கிறான்’ என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். அந்த ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம், முதலில் அவன் விளக்கட்டும். அப்புறம் நீங்கள் விளக்குங்கள். ஏழு, எட்டு வயது வரை இது பெரியவர்கள் வேலை. சின்னக் கைக்கு அந்த நுணுக்கம் வராது. குழந்தையை உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்க வையுங்கள். மேல் உதட்டை விரலால் தூக்கிப் பிடியுங்கள். உதட்டைத் தூக்காமல் விளக்கினால் பிரஷ் பல்லின் நுனியைத்தான் தொடும், உங்கள் மகனுக்கு வெள்ளைக் கோடு இருப்பதோ ஈறோரத்தில். அந்த ஈறோரத்தில் மெதுவாக, சின்னச் சின்ன அசைவாக விளக்குங்கள். கடைவாய்ப்பற்கள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தால் இடுக்கில் பிரஷ் போகாது. பல் இடுக்கு நூலை எப்படிப் பயன்படுத்துவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நான் கேட்டாக வேண்டிய ஒன்று: குழந்தை பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்குகிறதா? மேல் முன்பற்களில் மட்டும் ஈறோரம் வெளுத்து, கீழ் முன்பற்கள் நன்றாக இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்ளும், அருகிலேயே உமிழ்நீர் சுரக்கும். மேல்பற்களுக்கு அந்தத் துணை இல்லை. தூக்கத்தில் உமிழ்நீரும் குறைந்துவிடும்; கடைசி மிடறு பல்மேல் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். ஒரே நாளில் நிறுத்தினால் குழந்தை ஏங்கிப் போகும். பாலில் சர்க்கரை சேர்ப்பதை முதலில் விடுங்கள், அப்புறம் புட்டியில் தண்ணீரின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வெறும் தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள். பல் விளக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். ராத்திரி கொடுக்கும் இனிப்பு சிரப் மருந்தையும் பல் விளக்குவதற்கு முன்பே கொடுத்துவிடப் பாருங்கள்.

பகலில் இனிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு என்பதைப் போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒரு இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துவிட்டால் பல்லுக்கு ஓர் அடிதான். அதையே பத்துத் துண்டாக்கி நாள் முழுக்கக் கொடுத்தால் பத்து அடி, நடுவில் உமிழ்நீர் சரிசெய்ய நேரமே கிடைக்காது.

சரியாகிறதா என்று எப்படித் தெரியும்? மாதம் ஒரு முறை உதட்டைத் தூக்கி, பல்லைத் துடைத்துவிட்டு, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். சாக்பீஸ் போல மங்கலாக இருந்த இடம் பளபளப்பாக மாறினால் சொத்தை நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நிறம் முழுவதும் மறையாமல் லேசான வெள்ளை தங்கிவிடலாம், அதில் தவறில்லை. பழுப்பாக மாறினாலோ, ஓரம் சிதைந்தாலோ, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் குழந்தை முகம் சுளித்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள். அப்போதும் வழி இருக்கிறது. சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவியே சொத்தையை நிறுத்தலாம், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்பதால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அடுத்த பூச்சுக்குப் போகும்போது எடுத்து வைத்த படங்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இனி எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பூச வேண்டும் என்பதை அவற்றையும் பார்த்து அவர் சொல்வார்.