உறைபனியில்லாத ஊரில் கல் ஏன் உதிர்கிறது?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணக் கோட்டையில், கடல்நீரேரிப் பக்கச் சுவருக்குக் கீழே நிற்கிறேன். கமராவைக் கிட்டக் கொண்டு போகிறேன், பாருங்கோ. இது முருகைக்கல், பவளப்பாறையில் இருந்து வந்த ஒருவகைச் சுண்ணாம்புக்கல். அடியில் மா அரித்துக் கொட்டின மாதிரிக் கிடக்கிறதே, அது இந்தக் கல்லில் இருந்து உதிர்ந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரிக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா போன மாசம் தன் வீட்டு வாசற்படியை வீடியோவில் காட்டினார். குறுக்கே வெடித்து ஒரு துண்டு கழன்றிருந்தது. "குளிர் உடைச்சுப் போட்டுது" என்றார். குளிர் மட்டும் இல்லை அண்ணா, தண்ணீரும்தான் என்றேன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். வெடிப்புக்குள் போன நீர் இரவில் உறைந்து கல்லை நெம்பும், பகலில் உருகி இன்னும் உள்ளே இறங்கும், திரும்ப உறையும். உறைந்தபடியே கிடக்கிற கல்லைவிட, இப்படி உறைந்து உறைந்து உருகுகிற கல்தான் கூட அடி வாங்கும்.

எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழிப் பனிதான். ஆனால் ஐஸ் அங்கே செய்கிற வேலையை இங்கே உப்பு செய்கிறது. உவர்நீர் கல்லின் நுண்துளை வழியே ஏறும். வெயிலில் நீர் காய்ந்துவிடும், உப்பு துளைக்குள் பளிங்காகி வளர்ந்து கல்லைத் தள்ளும். மறுபடி நனையும், மறுபடி காயும். கல் பொடிப்பொடியாய் உதிரும்.

சரி, சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் ஆழமாய்ப் போனால்? கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும், மேலே இருக்கிற பாறையின் பாரம் எல்லாப் பக்கமும் இறுக்கும். வெடித்து விலக இடமே இல்லை. 1911இல் தியோடர் வொன் கார்மன் என்ற பொறியியலாளர் இதைச் செய்து காட்டினார். சும்மா நசுக்கினால் சிதறுகிற சலவைக்கல் உருளை, சுற்றிவர அமுக்கம் கொடுத்து நசுக்கியபோது உடையாமல் பீப்பாய் மாதிரிப் பருத்துக் கட்டையானது. சூடு காட்டாமலே! மாத்தளைப் பக்கத்துச் சலவைக்கல்லும் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்கல்தான், ஆழத்தில் வெந்து மாறியது. எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் என்ற, பல இலட்சம் வருஷத்துக்கு முந்தைய காலத்துக் கடலடிப் படிவு, அந்த ஆழத்துக்குப் போகவே இல்லை. கிணறு வெட்டும்போது வருகிற கல்லில் இன்னும் சிப்பி தெரிவது அதனால்தான். துளை நிறைந்த கல் என்பதால் உப்புக்கும் அது லேசாய் இடம் கொடுக்கும்.

எங்கள் ஆச்சி வீட்டு முருகைக்கல் மதிலுக்கு நாங்கள் சீமெந்து பூசினோம். மூன்றாம் வருஷம் பூச்சு பாளம் பாளமாய் விழுந்தது, கல்லையும் பிய்த்துக்கொண்டு. சீமெந்து ஈரத்தை லேசில் வெளியே விடாது, உப்பு அதற்குப் பின்னால் கல்லுக்குள்ளேயே பளிங்காகும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், உப்பும் பூச்சுக்கு வந்துவிடும். உதிர்ந்தால் பூச்சு உதிரட்டும், திரும்பப் பூசலாம். பழைய கல்வீடு வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து மேசனிடம் சுண்ணாம்புச் சாந்து என்று கேட்டுப் பூசுங்கோ.

அடுத்த கிழமை அந்த மதிலை உரிக்கிறோம். கமராவோடு வருகிறேன்.